மூன்றாம் பக்கத்தில் உன் பெயர்

கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்து படபடக்கிற நேரம் பார்த்து மௌமிதா போன் செய்தாள். என் ஆபீஸ் பெண். உன்னை எங்கே பார்த்தாலும் 'ஜாமாய்பாபு' என்று அக்கா புருஷன் உறவு கொண்டாடுவாளே, அவள்தான். "தீதி, ராக் கோர்பேன் நா. ஆப்னார்டாய் ஷுது பாக்கி" என்றாள். கோபிக்காதீர்கள் அக்கா, உங்களுடையது ஒன்றுதான் பாக்கி என்கிறாள். இவ்வளவு குரலை இறக்கி அவள் பேசி நான் கேட்டதே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் கடுகு கருகியிருந்தது. ஒற்றை ஆளுக்கு ரசம் வைக்க எனக்கு இன்னும் கை பழகவில்லை. தாளித்ததைக் கொட்டிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். வாசனை மட்டும் இன்னும் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பாக்கி என்று அவள் சொன்னது அந்த வருடாந்திரப் படிவத்தை. உனக்கு அது மனப்பாடம். உலகத்தின் மிகப் பெரிய ஆடிட் நிறுவனங்களில் ஒன்றில் சம்பளம் வாங்குகிற பாவத்துக்கு, எந்தெந்தத் தேசத்திலோ இருக்கிற லட்சக்கணக்கான பேரோடு சேர்ந்து நானும் வருஷம் ஒரு தடவை சத்தியம் செய்ய வேண்டும். யாருடைய கணக்கைச் சரிபார்க்கிறோமோ அவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று. பங்கு இருக்கிறதா, கணவனோ மனைவியோ அங்கே வேலை பார்க்கிறார்களா, நெருங்கிய சிநேகிதம் உண்டா என்று வரிசையாகக் கேட்கும். முதல் இரண்டு பக்கம் என்னைப் பற்றி. மூன்றாம் பக்கத்தில் போன வருஷம் எழுதியது அப்படியே வந்து நிற்கும். உன் பெயர் இருக்கும். அதற்கு எதிரே 'கணவர்' என்று இருக்கும். அதற்கும் எதிரே ஒரு கேள்வி: உறவு தொடர்கிறதா? ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.

கொல்கத்தா ஆபீஸில் இந்தப் படிவத்தை எல்லோரிடமும் விரட்டி விரட்டி வாங்குகிற ராட்சசி யார் என்று உனக்குத் தெரியும். மாலையும் கழுத்துமாக மேடையில் நின்ற பையனிடமே, மனைவி பெயரைச் சேர்த்தாயா என்று கேட்டுவிட்டு வந்தவள் நான். பந்தியில் உட்கார்ந்து நீ தலையில் அடித்துக்கொண்டாய். இப்போது அந்த ராட்சசியின் பெயரே பாக்கிக்காரர்கள் பட்டியலில் தனியாக நிற்கிறது. நான்கு தடவை திறந்தேன். நான்கு தடவையும் மூன்றாம் பக்கம் வரை போய் லேப்டாப்பை மூடிவிட்டேன். வெள்ளிக்கிழமை தாண்டினால் மும்பையில் இருக்கிற தலைமைப் பிரிவுக்கு என் பெயர் போகும். புனேயிலிருந்து நம் மகள், "மா, ஒரு க்ளிக் தானே. இட்ஸ் ஒன்லி எ ஃபார்ம்" என்கிறாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் அவள் பிறந்ததே அந்த ஃபார்மால்தான் என்பது அந்தக் கழுதைக்குத் தெரியாது. நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஹவுரா பக்கம் சாந்த்ராகாச்சி தாண்டி அந்த பம்பு தொழிற்சாலை. ஸ்டோர்ஸ் ரூமுக்குப் பக்கத்தில், ஆடிட்டுக்கு வந்த எங்களுக்கு ஒரு பொந்து கொடுத்திருந்தீர்கள். நான்கு மேஜை, ஒரு மின்விசிறி, காகிதத்தில் துளை போடுகிற ஒரு பஞ்சிங் மெஷின். அது காகிதத்தைக் கடித்துப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கூட இருந்த மூன்று பேரும் வங்காளிப் பையன்கள்தானே என்ற தைரியத்தில், "சனியனே, விட்டுத் தொலையேன்" என்று அதைத் தமிழில் ஒரு குத்து குத்தினேன். வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. "அது போன வருஷத்துலருந்தே அப்படித்தான் மேடம். திட்டுனாலும் கேக்காது, கெஞ்சுனாலும் கேக்காது. வேற கொண்டாரச் சொல்லுதேன்."

திரும்பிப் பார்த்தால் நீ. எங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லக் கம்பெனி நிறுத்தியிருந்த அக்கவுண்ட்ஸ் ஆபீசர். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன் வாயில் திருநெல்வேலி எப்படி அவ்வளவு அப்படியே உட்கார்ந்திருந்தது என்று எனக்கு ஆச்சரியம். எங்கள் வீட்டு மதுரைத் தமிழ், அப்பாவின் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்கும் லேக் மார்க்கெட்டுக்கும் போய் வந்து எப்போதோ பாதி வங்காளியாகிவிட்டிருந்தது. 'சொல்லுதேன்' என்று நீ சொன்னதற்கு அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்கு அந்த ஒரு சொல்லை யாராவது சொல்லிக் கேட்க லேக் மார்க்கெட் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நடக்கிறேன். சாமான் கடைக்காரர் பாலக்காடு. இட்லிக் கடைக்காரர் சேலம். ஒருத்தரும் சொல்லித் தொலைக்க மாட்டேன் என்கிறார்கள்.

நாலு மணிக்கு மண் குவளையில் டீ வரும். எல்லோருக்கும் கம்பெனி கணக்கு. எனக்கு மட்டும் என் காசு, அதில் நான் கறார். நீ என் சில்லறையை வாங்கி டீக்காரனிடம் கொடுப்பாய். ஒருநாள் என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, "எலுமிச்சஞ் சாதத்துல ஒரு கறிவேப்பிலை கூட இல்லையே மேடம்" என்றாய். மறுநாள் உன் வீட்டு மரத்திலிருந்து ஒரு கொத்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளையண்ட் ஆள் கொடுக்கிற எதையும் வாங்கக் கூடாது, வாங்கினால் பரிசுப் பதிவேட்டில் எழுத வேண்டும். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. ஆகவே எழுதினேன். பொருள்: கறிவேப்பிலை, ஒரு கொத்து. மதிப்பு: தெரியவில்லை.

வீட்டில் அம்மா அதை மோந்து பார்த்துவிட்டு, "இது லேக் மார்க்கெட் சரக்கு இல்லையே. எவன் குடுத்தான்?" என்றாள். ஆடிட்டர் நானா அவளா என்று தெரியவில்லை.

அந்த வருஷத்துப் படிவம் வந்தது. அதுவரைக்கும் 'இல்லை, இல்லை, இல்லை' என்று தட்டிக்கொண்டே போய் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவேன். நீங்கள் ஆடிட் செய்கிற கம்பெனியில் பொறுப்பான இடத்தில் இருக்கிற யாரோடாவது உங்களுக்கு நெருங்கிய தனிப்பட்ட உறவு உண்டா? விரல் நின்றுவிட்டது. நமக்குள் என்ன இருந்தது அப்போது? ஒன்றும் இல்லை. டீ, கறிவேப்பிலை, பஸ் வரும் வரைக்கும் கேட்டுக்கு வெளியே நீ நின்ற பத்து பத்து நிமிடங்கள். நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. மூன்று நாள் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினேன். 'இல்லை' என்று போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே. நாலாம் நாள் 'ஆம்' என்று போட்டு உன் பெயரை எழுதிவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் மும்பையிலிருந்து போன். இந்தப் படிவங்களைப் பார்க்கிற பிரிவில் ஒரு பெண், இயந்திரம் மாதிரி கேட்டாள். உறவின் தன்மை என்ன? நெருக்கமானது. எவ்வளவு காலமாக? நாலு மாதமாக. நிச்சயம் ஆகிவிட்டதா? இல்லை. அவருக்கு இது தெரியுமா?

"தெரியாது" என்றேன்.

அதுவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்த தட்டச்சுச் சத்தம் நின்றது. "அப்படின்னா இதை உறவுன்னு சொல்ல முடியுமா மேடம்?" என்றாள் அவள், ஹிந்தியில், மனுஷக் குரலில்.

"என் பக்கத்துல உறவுதான்" என்றேன்.

அன்று சாயங்காலமே உங்கள் ஆடிட்டிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அது நான் எதிர்பார்த்தது. எதிர்பார்க்காதது, எங்கள் குழுவுக்கு மேலே இருந்த பார்ட்னர் செய்த காரியம். வழுக்கைத் தலையும் வெற்றிலை வாயுமாக இருப்பாரே, அவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நமக்கு எல்லாம் பேசி முடிவாகிவிட்டது என்று அவராகவே நினைத்துக்கொண்டு, உங்கள் ஃபைனான்ஸ் டைரக்டருக்குக் கடிதம் எழுதிவிட்டார். எங்கள் குழுவின் இன்ன உறுப்பினருக்கும் உங்கள் ஊழியர் இன்னாருக்கும் உள்ள தனிப்பட்ட உறவு காரணமாக ஆளை மாற்றியிருக்கிறோம் என்று, லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் முத்திரையுமாக.

மறுநாள் செக்டர் ஃபைவில் எங்கள் ஆபீஸ் ரிசப்ஷனில் நீ வந்து நின்றாய். சட்டைப் பையில் பேனா, கையில் மடித்த குடை. நான் லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் எழுந்தாய். "மேடம், எனக்கும் உங்களுக்கும் உறவுன்னு கம்பெனிக்கு லெட்டர் வந்திருக்கு. டைரக்டர் கூப்பிட்டுக் கை குடுத்தாரு. கேன்டீன்ல எல்லாரும் ரசகுல்லா கேக்காங்க. எனக்குத்தான் அந்த லெட்டர்ல ஒரு காப்பி வரலை" என்றாய்.

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று நின்றேன். நீ சிரிக்கிறாயா, கோபமா என்று உன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. லேக் மார்க்கெட் வரைக்கும் டாக்ஸியில் இருவரும் இரண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். நம் வழக்கமான தோசைக் கடை நமக்கு வழக்கமானது அன்றைக்குத்தான். முதல் தோசையை முடித்தாய். பிறகு கேட்டாய்.

"'இல்லை'ன்னு போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"ஒண்ணும் ஆகியிருக்காது."

"யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"இல்லைன்னு போட்டா பொய்யாயிருக்கும்."

நீ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் காது மடல் சிவந்துபோனதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். "சரி, நீங்க என்ன சொல்றீங்க?" என்று நானே வெட்கம் கெட்டுக் கேட்டேன். தண்ணீரை எடுத்து நிதானமாகக் குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாய். பில் வந்தது. என் பங்கை நான் எடுத்து வைக்கப் போனபோது கையால் மூடிக்கொண்டு, "இனிமே நீங்க எங்க ஆடிட்டர் இல்லல்லா" என்றாய். அதுதான் உன் பதில். அதற்குமேல் நீ ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு படிவம் வருகிற மாதம் நமக்கு ஒரு பண்டிகை மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டுகளைக் கூட எடுக்காமல், நான் லேப்டாப்பைத் திறப்பேன். நீ விசாரணைக் கைதி மாதிரி கைகட்டி எதிரே உட்காருவாய். கணவர் பற்றிய விவரத்தில் மாற்றம் உண்டா? "முடி கொறஞ்சிருக்கு. போட்டுக்கோ." பங்கு ஏதாவது வாங்கினாயா? "அரைக்கிலோ பாகற்காய் வாங்கினேன். அதுல உனக்கும் பங்கு உண்டு." கடைசியில் மூன்றாம் பக்கத்துக் கேள்வி. உறவு தொடர்கிறதா? அதை நான் வாய்விட்டுக் கேட்க வேண்டும், அது உன் சட்டம். கேட்டதும் கூரையைப் பார்ப்பாய், மோவாயைத் தடவுவாய். "யோசிச்சுச் சொல்லுதேன்." அடுப்பில் பால் பொங்கும், மகள் வந்து இழுப்பாள், நான் கத்துவேன். கடைசியில்தான், "தொடருது, போடு" என்பாய். உன் அம்மா எதிரில் உன்னை 'நீங்க' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம், அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவர்கள் எதிரிலேயே 'டேய்' வந்துவிடும்.

நம் ஆறாம் வருஷத்துப் படிவத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும்.

என்னைப் பார்ட்னராக்க நினைத்தார்கள். ஒரே ஒரு தடை. பார்ட்னரின் கணவர், நிறுவனம் ஆடிட் செய்கிற கம்பெனியிலேயே கணக்குப் பொறுப்பில் இருக்கக் கூடாது. அதை உன்னிடம் நான் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். உனக்கு அந்தத் தொழிற்சாலை என்றால் உயிர். அங்கே எந்த ரேக்கில் எந்த பம்பு நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய். அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய வழக்கப்படி கேட்டேன். கணவர் வேலை பார்க்கும் இடத்தில் மாற்றம் உண்டா? நீ கூரையைப் பார்க்கவில்லை. "உண்டு" என்றாய்.

விளையாடாதே என்றேன்.

"போன திங்கக்கெழமை ராஜினாமா லெட்டர் குடுத்துட்டேன். துர்கா பூஜை முடிஞ்சு விஜயா வாழ்த்துச் சொல்லி இனிப்பு குடுக்க உங்க பார்ட்னர் வீட்டுக்குப் போனோம்லா, அன்னிக்கு அவரு இந்தத் தடையை வாய்தவறிச் சொல்லிட்டாரு. நீ என்கிட்ட சொல்லாம ஃபார்ம்ல போட்டே. நான் உன்கிட்ட சொல்லாம லெட்டர் குடுத்தேன். கணக்கு நேர்."

ஒரு வாரம் உன்னோடு நான் பேசவில்லை. என்னைக் கேட்காமல் எனக்காக நீ யார் முடிவு செய்ய என்று பாத்திரங்களைப் போட்டு உடைத்தேன். அதை உன்னிடம் கேட்க எனக்கே என்ன யோக்கியதை இருந்தது? நீ அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. கார்டன் ரீச் பக்கம் கப்பல் சாமான் விற்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்துகொண்டாய். நல்ல இடம்தான் என்று யார் கேட்டாலும் சொன்னாய். ஆனால் சாந்த்ராகாச்சியில் உன் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், நாலு மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதினால், பேசிக்கொண்டிருக்கிற பேச்சு நின்றுபோகும், கைக்கடிகாரத்தைப் பார்ப்பாய். பிறகு, "இந்தா வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போவாய். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஸ்டோர்ஸ்காரர்களோடு ஒரு குவளை குடித்துவிட்டு அரைமணியில் திரும்பி வருவாய். உள்ளே போனாயா என்று ஒரு தடவை கேட்டேன். "நான் எதுக்கு உள்ளே?" என்றாய். உன்னிடம் மன்னிப்புக் கேட்க ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையைத் தேடிக்கொண்டே இருந்தேன். எல்லா ஞாயிறும் நன்றாகவே இருந்தன. நான்தான் கேட்கவில்லை.

எட்டு மாதம் ஆகிறது. ஒரு வியாழக்கிழமை காலை ஷூ லேஸ் கட்டக் குனிந்தாய். நிமிரவில்லை. முந்தின நிமிடம் வரைக்கும் மின்சார பில்லைப் பற்றி என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாய்.

மேலே இருப்பதெல்லாம் செவ்வாய்க்கிழமை எழுதியது. இன்று வெள்ளி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று மதியம், ஞாயிற்றுக்கிழமையாக இல்லாவிட்டாலும், சாப்பிட்ட தட்டை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து படிவத்தைத் திறந்தேன். எதிர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டேன், நீ உட்காரும்போது இருக்கிற மாதிரி. பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள். மூன்றாம் பக்கம் வந்ததும், உன் சட்டப்படி, வாய்விட்டுக் கேட்டேன். உறவு தொடர்கிறதா? கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யோசித்துச் சொல்ல உனக்கு எப்போதும் நேரம் எடுக்கும். கீழே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அழுதேன், நன்றாகவே அழுதேன்.

அப்புறம் எனக்கே தெரிந்தது. 'ஆம்' என்று போட முடியாது. நான் பொய் எழுதினால் முதலில் கேலி செய்கிறவன் நீதான். 'இல்லை' என்று போட்டேன். காரணம் கேட்டது. மறைவு. தேதி கேட்டது. போட்டேன். உன் வரி ஒரு நொடி சாம்பல் நிறமாகி, பக்கத்தை விட்டே போய்விட்டது. அடியில் ஒரு காலி இடம் இருக்கும், வேறு ஏதாவது தெரிவிக்க விரும்புகிறீர்களா என்று. இத்தனை வருஷத்தில் அதில் நான் ஒரு எழுத்துக் கூடப் போட்டதில்லை. நேற்று, அங்கே உன் பெயரை மறுபடி எழுதி, 'உறவு தொடர்கிறது' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இன்று காலை மும்பையிலிருந்து போன். அன்றைக்குப் பேசியவள் இல்லை, ஏதோ சின்னப் பெண். பயந்து பயந்து பேசினாள். "மேடம், மூன்றாம் பக்கத்தில் முடிந்துவிட்டது என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் தொடர்கிறது என்று இருக்கிறது. சிஸ்டம் இதை முரண் என்று காட்டுகிறது. இரண்டில் எது சரி? ஒன்றை மாற்றினால்தான் முடிக்க முடியும்."

இரண்டும் சரிதான் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் பின்னால் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கறிவேப்பிலை கையில் இருந்தது. உன் வீட்டு மரத்துக் கன்று, நீ பால்கனித் தொட்டியில் வைத்துவிட்டுப் போனது, இந்த மழைக்கு என் தோள் உயரம் வந்திருக்கிறது.

"விளக்கம்னு என்ன மேடம் எழுதட்டும்?" என்று கேட்டாள் அவள்.

"எழுதிக்கோம்மா" என்றேன். "என் பக்கத்துல உறவுதான்."